டொக்டரிடம் சொல்லாமல் விட்ட செவ்விளநீர்

இஞ்சருங்கோ,

மூன்று நாளா, நாலு நாளா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வயலிலிருந்து வந்த உங்களுக்கு மதியத்தில் செவ்விளநீர் வெட்டித் தந்தேன். உங்கள் பழுதான சிறுநீரகத்துக்குக் குளிர்ச்சி என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்ததைப் பார்த்துவிட்டு டொக்டர், “இளநீர் ஏதும் குடிக்கிறவரோ?” என்று கேட்டார். “இல்லை டொக்டர்” என்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், காட்டிக் கொடுக்கவில்லை. என் பொய்யை நம்பி, நீங்கள் விழுங்குகிற பிரஷர் குளிசையால்தான் கூடியது என்று அதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு நாம் கதைக்கவேயில்லை. நேற்று மட்டும், “குத்திக் குத்தி இருக்கிற இரத்தத்தையும் எடுத்துப்போட்டாங்கள், இனி நான் வரமாட்டன்” என்றீர்கள். இன்று திரும்பச் சோதனைக்கு இரத்தம் கொடுக்காமல் விட வேண்டாம். பொட்டாசியம் இன்னும் கூடினால் இதயமே நின்றுவிடுமாம்.

உண்மையைச் சொல்ல நான் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்களுக்கு வரிசை நம்பரும் எடுத்து வைப்பேன். இடியப்பம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மூடியிருக்கிறது. எட்டு மணிக்குத் தம்பி தயாபரன் ஓட்டோ கொண்டு வருவான். வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பை எடுத்துவர மறக்காதீர்கள்.

டொக்டர் ஏசினால் எனக்கு ஏசட்டும். பக்கத்தில் இருங்கள், போதும்.

இதை வாசிக்கும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பேன். நீங்கள் மட்டும்தான் இன்னும் வீட்டில்.