துக்க வீட்டில் ஆடிய தாத்தா

டிசம்பர் 19, வெள்ளி

காலை முதல் தூறல். வாடைக் காற்று பலம்.

என் பெயர் எட்வின் ஞானமுத்து. வயது ஐம்பது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கப்பல்கள் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கின்றன என்று அளவு பார்க்கும் சர்வேயர். எங்கள் சபைக் கமிட்டியின் செயலர். இந்த நோட்டைத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றே. 31-ஆம் தேதி ஆண்டிறுதி ஆராதனையில் 'கிறிஸ்தவனின் மகிழ்ச்சியும் சினிமாவின் மகிழ்ச்சியும்' என்ற பொருளில் பத்து நிமிடம் பேசும்படி போதகர் கேட்டிருக்கிறார். அதற்கான குறிப்புகள் இங்கே சேரும். வேறு எதுவும் எழுதுவதாக உத்தேசமில்லை.

1. மகிழ்ச்சி வேறு, கிளர்ச்சி வேறு. முன்னது தங்கும். பின்னது பாட்டு நின்றதும் நின்றுவிடும்.
2. சினிமா மெட்டில் கிறிஸ்து பிறப்புப் பாடல். சென்ற வருடம் நடந்தது. கண்டிக்க வேண்டும்.
3. உதாரணம் தேவை.

வீடு வீடாகப் போய்ப் பாடும் நாளைய கீதபவனிக்கான என் சுற்றறிக்கை நேற்றே வாட்ஸ்அப்பில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. சினிமா மெட்டு கூடாது. கிறிஸ்மஸ் தாத்தா கைகுலுக்கலாம், மிட்டாய் கொடுக்கலாம், ஆடக்கூடாது. இவ்வருடம் துக்கம் நேர்ந்த வீடுகளில் கொட்டும் கூடாது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவே. 'கண்டிப்பாக' என்ற சொல் மூன்று இடத்தில். என் மனைவி ஹெலன் வாசித்துவிட்டு, பெத்லகேமுக்கு வந்த தூதர்களே இப்போது வந்தாலும் உங்களிடம் அனுமதி வாங்கித்தான் பாட வேண்டும் போல என்றாள். நான் சிரிக்கவில்லை.

டிச. 20, சனி

மழை இல்லை. நிலக்கரிக் கப்பல், காலை முழுவதும். அலைப்பு அதிகம். அளவு படிப்பது சிரமம்.

மதியம் ஜஸ்டின் வந்தான். ஹெலனின் தம்பி. பேக்கரி வைத்திருக்கிறான். பாடகர் குழுவில் கட்டைக் குரல். பல வருடங்களாகக் கீதபவனியில் தாத்தா வேடம் அவன்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. முகமூடிக்குள் யார் என்று கேட்காதிருப்பது எங்கள் சபையின் வழக்கம்.

கையில் சாக்குப்பை. உள்ளே சிவப்பு அங்கி, முகமூடி, வயிற்றுக்கு ஒரு தலையணை. கேக் மாஸ்டர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டானாம். ஆர்டர் குவிந்து கிடக்கிறதாம். இன்று மாலை கடையை விட்டு நகர முடியாதாம்.

"சும்மா நில்லுங்க, கையக் குலுக்குங்க, போதும். ஒங்க சுற்றறிக்கைக்குள்ள அடங்குத தாத்தா ஒங்கள விட்டா ஊர்ல வேற யாரு இருக்கா அத்தான்?"

ஹெலன் ஏரலில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். கீதபவனி அன்று என் இடம் சபை மண்டபம், வீட்டு வரிசைப் பட்டியலோடு. அங்கே நான் இல்லாவிட்டால் யாரும் தேடப்போவதில்லை. ஒப்புக்கொண்டேன். காரணம் ஒழுங்கு. தாத்தா ஆடாதிருப்பதை நானே உறுதி செய்யலாம்.

ஹெலனிடம் சொல்ல வேண்டாம். வழக்கம் வழக்கம்தான்.

டிச. 21, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

நேற்று ஐந்தாவது வீடு மெர்சி அக்காவுடையது. அவர் கணவர் தங்கராஜ் அண்ணன் ஆடி மாதம் இறந்தார். லாரி வைத்திருந்தவர். வருடந்தோறும் தாத்தாவோடு தெருவில் இறங்கி ஆடுவார். சுற்றறிக்கையில் துக்க வீட்டு விதியை எழுதும்போது என் மனதில் இருந்தது அந்த வீடுதான்.

ஒரு பாட்டு. ஒரு ஜெபம். கிளம்பினோம். அக்கா வாசலுக்கு வந்தார்.

"தாத்தா ஏன் நட்டு வச்ச கம்பு மாதிரி நிக்காரு? எங்க வீட்டுல மட்டும் ஆட மாட்டாராக்கும்?"

வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுற்றறிக்கை என்று ஒருவன் முனகினான். அவுக இருந்தா சும்மா விட்டிருப்பாகளா என்றார் அக்கா. ரிதம் பேட் வைத்திருந்தவன் ஒரு தாளத்தைத் தட்டினான். சினிமாப் பாட்டு.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது என்று எழுதப் போனேன். தெரியும். துறைமுகச் சாலையில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பதுண்டு. வரிக்கு வரி தெரியும்.

ஆடினேன்.

முதலில் தோள் மட்டும். பிறகு எல்லாம். தலையணை ஒரு பக்கமாக நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டே ஆடினேன். முகமூடிக்குள் ரப்பர் வாடை, ஜஸ்டினின் வெண்ணிலா எசன்ஸ், என் வியர்வை. அக்கா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். உள்ளே சுவரில் தங்கராஜ் அண்ணனின் படம், மாலையோடு. ஆடிக்கொண்டே அதைப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு அப்படித் தெரியாமல் போனதில்லை.

விதியை எழுதியவனே மீறினான். முகம் தெரியாது என்ற தைரியத்தில் மீறினான். இன்னும் ஒன்று, எழுதக் கூசுகிறது: திடப்படுத்தல் பெற்று முதன்முதல் திருவிருந்து எடுத்த நாளிலும், ஏன், திருமண நாளிலும்கூட அப்படி மகிழ்ந்ததாக நினைவில்லை.

குறிப்பு 1-ஐ அடித்துவிட்டேன்.

டிச. 23, செவ்வாய்

வெயில். வேலை அதிகம். மதியச் சாப்பாடு இல்லை.

வீடியோ சுற்றுகிறது. எடுத்தது யாரோ பக்கத்து வீட்டார். ஹெலனின் போனில் பார்த்தேன். சிவப்பு அங்கி, குலுங்கும் தலையணை, பின்னால் சிரிக்கும் மெர்சி அக்கா, அவருக்கும் பின்னால் மாலை போட்ட படம். தங்கராஜ் அண்ணனின் உடன்பிறந்த மூத்தவர் ஞானையா கமிட்டி உறுப்பினர். புகார் கொடுத்துவிட்டார்.

ஹெலன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தன் தம்பிக்குப் புத்தி கெட்டுவிட்டது, செத்த வீட்டில் போய் இப்படியா, தான் எப்படி மெர்சி அக்கா முகத்தில் முழிப்பது என்றாள். எனக்கும் சேர்த்து வருத்தப்பட்டாள். உங்க சுற்றறிக்கைய மதிக்கலையே என்றாள்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். தண்ணீர் கேட்டேன்.

டிச. 24, புதன்

ஜஸ்டினுக்குப் போன் செய்தேன். கடை இரைச்சல். அவன் சிரித்தான்.

"நல்லாத்தான் ஆடியிருக்கிய அத்தான். இடுப்பு மட்டும் சுற்றறிக்கை மாதிரி கொஞ்சம் வெறப்பு."

பிறகு குரல் மாறியது. ஹெலன் காலையிலேயே அவனிடம் பேசிவிட்டாளாம். நாளை சாப்பாட்டுக்கு வரவேண்டாம் என்றாளாம். உண்மையை அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். "நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி. நீங்க சொன்னா முடிஞ்சிரும்" என்றான். பண்டிகை கழியட்டும், சொல்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

பண்டிகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை.

டிச. 25, வியாழன்

விடியற்காலை ஆராதனை. கோவில் நிறைந்து வெளியிலும் நாற்காலி. திருவிருந்துக்கு முன் பாவ அறிக்கை. சபையோடு சேர்ந்து உரக்கச் சொன்னேன். அத்தனை குரல்களுக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சௌகரியமாக இருந்தது. எழுந்து போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினேன்.

பாடகர் குழுவில் ஜஸ்டின் கடைசி வரிசையில். அவனைச் சுற்றி ஒரு நாற்காலி இடைவெளி.

மதியம் பிரியாணி. ஜஸ்டின் வழக்கமாகக் கொண்டுவரும் மக்ரூன் இல்லை. சென்னையிலிருந்து வந்திருக்கும் என் மகன், மாமா எங்கே என்று கேட்டான். ஹெலன் எழுந்து அடுக்களைக்குள் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிரியாணி ருசியாக இருந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

டிச. 27, சனி

கமிட்டிக் கூட்டம், மாலை, மண்டபத்தில். கொசு.

ஞானையா எழுந்து நின்று பேசினார். கோபமாகத் தொடங்கினார். "எந்தம்பி போயி ஆறு மாசம் ஆகல. அவன் படத்துக்கு முன்னால ஆடியிருக்கான். எம்முகத்துல துப்பியிருந்தா தொடச்சிருப்பேன்." அதற்கு மேல் பேச முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை, அடக்கத்தன்றுகூட.

விசாரணைக்கு வரச்சொல்லியிருந்த ஜஸ்டினைப் பார்த்து, ஆடியது நீதானா என்றார் போதகர்.

"தாத்தா யாருன்னு கேக்குத வழக்கம் நம்ம சபையில உண்டா ஐயா?" என்றான்.

எல்லாரும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். அவன் ஞானையாவைப் பார்த்தான். பிறகு என்னை. நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

தீர்மானம்: ஒரு வருடம் பாடகர் குழுவிலிருந்து நீக்கம். 31-ஆம் தேதி ஆராதனையில் அறிவிக்க வேண்டும். வாசகத்தைத் தயாரிப்பதும் வாசிப்பதும் செயலர் பொறுப்பு. தயாரித்துவிட்டேன். பிழையில்லாத வாசகம்.

வெளியே பைக்கை உதைத்தபடி ஜஸ்டின் சொன்னது: "பாட்டு எனக்குச் சோறு மாதிரி, தெரியும்லா?" இன்று சிரிக்கவில்லை.

டிச. 29, திங்கள்

மேகமூட்டம். மழை வரவில்லை.

சபைக் காலண்டர் கொடுக்கும் சாக்கில் மெர்சி அக்கா வீட்டுக்குப் போனேன். கமிட்டியில் இத்தனை பேர் பேசினோம், அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

டீ கொடுத்தார். ஞானையா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாராம். சொந்தத்தில் ஒருத்தி, புருசன் செத்த வீட்டுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கா என்று எழுதி அனுப்பியிருக்கிறாளாம். பாவம் ஜஸ்டின், நான் கேட்டதுக்குத்தான் ஆடுனான், கமிட்டியில எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார். தலையாட்டினேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"நான் சிரிச்சது தப்பா தம்பி? அஞ்சு மாசமா இந்த வீட்டுல அழுத சத்தந்தான். அன்னைக்குத்தான் கண்ண மூடித் தூங்குனேன். அவுக வந்து ஆடிட்டுப் போன மாதிரி இருந்துச்சி. நீங்க படிச்சவுக, சட்டம் எழுதுதவுக. சொல்லுங்க, தப்பா?"

காலண்டரை மேசைமேல் வைத்தேன். "கமிட்டி பார்த்துக்கொள்ளும் அக்கா" என்றேன்.

இந்த வாக்கியத்தை இங்கே எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும். ஐம்பது வயதில் என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான வாக்கியம்.

டிச. 30, செவ்வாய்

விடுப்பு. உரைக்கு உட்கார்ந்தேன். ஒரு வரிகூட நகரவில்லை.

அன்றைய மகிழ்ச்சி தேவனிடமிருந்து வந்ததா, சினிமாவிலிருந்து வந்ததா? நாள் முழுவதும் இந்தக் கேள்வியிலேயே இருந்தேன். சாயங்காலம்தான் உறைத்தது: இது எனக்கு மிகவும் வசதியான கேள்வி. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மெர்சி அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் அன்று தூங்கினார். எந்த மெட்டில் தூங்கினார் என்று விசாரிக்க நான் யார்?

அந்தச் சிரிப்புக்கு இப்போது அவர் பழி சுமக்கிறார். ஆட்டத்துக்கு ஜஸ்டின் சுமக்கிறான். ஹெலன் தம்பியை இழந்து நிற்கிறாள். ஞானையாவுக்கு யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. நான் ஒருவன்தான் நலமாக இருக்கிறேன். நாளை சபைக்கு மகிழ்ச்சியைப் பற்றிப் போதிக்கப் போகிறேன்.

டிச. 31, புதன், மாலை

அறிவிப்பு வாசகத்தைக் கிழித்துவிட்டேன்.

செய்யப்போவது:

பத்து நிமிடத்தில் உரை கிடையாது. பீடத்துக்கு அருகில் நின்று, ஆடியது நான் என்று சொல்வேன். ஜஸ்டினிடமும் மெர்சி அக்காவிடமும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். அக்கா, நீங்கள் சிரித்தது தப்பில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். ஞானையா அண்ணாச்சியிடம் தனியாக, அவர் வீட்டுக்குப் போய். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன்.

செயலர் பதவியை விடுகிறேன் என்று அறிவிக்கமாட்டேன். அது பெருமையாகத் தோன்றிவிடும். கமிட்டி நீக்கினால் நீக்கட்டும்.

ஒளிந்ததற்கும், என் பழியை இன்னொருவன் சுமக்கப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் மன்னிப்பு. ஆடியதற்குக் கேட்க என் வாய் வரவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும். மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் இப்போதே முகம் சுடுகிறது.

ஆனால் கோவிலில் எல்லாரோடும் சேர்ந்து ஹெலன் இதை முதலில் கேட்கக்கூடாது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். பேனாவை வைத்துவிட்டு மேலே போகிறேன்.