இடதுபுறம் விளையாடியவள்

பிறை,
3-4-1977

என் கனகேஸ்வரிக்கு,

நானும் அவரும் குழந்தையும் சுகம். உன் சுகத்தைப் பத்திரிகையிலேயே பார்த்துவிட்டேன்.

பெண்கள் ஹாக்கி மன்றத்துக்குச் சொந்தத் திடல் என்று படம் போட்டிருந்தார்கள். உன் தோளில் கை போட்டு நிற்பவள்தானே நீ அடிக்கடி எழுதும் நூர்ஜான்? ‘மன்றத்தைத் தொடங்கிய இருவர்’ என்று கீழே எழுதியிருந்தது.

அந்தச் சதுப்பில் லாலாங் புல் வெட்டி உள்ளங்கை கிழிந்தது யாருக்கு? மூங்கில் நட்டு, மீன்வலை கட்டி, ‘இதுதான் கோல்’ என்று நாம் இருவரும் சிரித்தோமே, அப்போது அவள் எங்கே இருந்தாள்? நிருபருக்குத் தெரியாது. உனக்குமா?

ருக்குமணி

ஜார்ஜ்டவுன்,
9-4-1977

எடி ருக்கு,

அது நிருபரின் பிழை. திருத்தச் சொல்லிவிட்டேன். ஆனால் நூர்ஜானைக் கோபிக்காதே. நீ கல்யாணமாகிப் போன பிறகு, லோரி நிறுத்த அந்த இடத்தைக் கேட்டு ஒருவர் வந்தார். நான் மட்டைகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கிவிட்டேன். அவள்தான், “லோரிய எங்க வேணும்னாலும் நிறுத்தலாம். நாங்க எங்க போயி ஓடுறது?” என்று சண்டை பிடித்தாள். வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினாள். அவள் இல்லையென்றால் திடல் இல்லை.

வருகிற 17-ஆம் தேதி ஞாயிறு திறப்பு ஆட்டம். இப்போது இடதுபுறம் விளையாடுகிறவள் அவள். “ருக்கு அக்கா வரட்டும்லா. அவுங்க எடத்துல அவுங்களே ஆடட்டும், நான் வெளிய உக்காந்துக்கிறேன்” என்கிறாள். கட்டாயம் வா.

உன் வரவுக்கு ஏங்கும்,
கனகேஸ்வரி

பிறை,
20-4-1977

கனகேஸ்வரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஹாக்கி மட்டையோடு ஃபெரி ஏறினேன். ஐஸ் கச்சாங் வண்டிக்குப் பின்னால் நின்றேன். விசில் ஊதும்வரை நீ வாசலையே பார்த்தாய். அப்போதும் என்னால் உள்ளே வர முடியவில்லை. என் இடத்தை அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்குவதா?

பந்து அவளிடம் போனபோதெல்லாம் தவறட்டும் என்று வேண்டினேன். தவறவில்லை. உனக்குத் தள்ளினாள், நீ கோல் அடித்தாய். அடித்ததும் நேரே அவளிடம் ஓடினாய். முன்பெல்லாம் என்னிடம்தான் ஓடி வருவாய். அதற்கு மேல் நிற்கவில்லை.

அவள் நல்லவள் என்று தெரிகிறது. அதுதான் இன்னும் எரிகிறது. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. எழுதினால் அவளைப் பற்றியும் எழுதுவாய்.

திடல் அழகாக இருக்கிறது.

நான் வந்துபோனதை நூர்ஜானிடம் சொல்லிவிடாதே.

ருக்குமணி