ஐம்பது பித்தளைக் கூடுகள்

மொன்டானா
மே 11

அன்பு மகள் சிக்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. அம்மா நலம். நாயும் நலம், போன வாரம் முள்ளம்பன்றியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் புத்தி வரவில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் என் வலது மணிக்கட்டு. அதைப் பற்றி அம்மா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். நான் போனை எடுத்தால்தான் நீ "அம்மா இருக்காங்களா" என்று கேட்பாயே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை நேரே கேட்கத் தைரியம் இல்லாததால் முதலில் ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்கிறேன். பொறுத்துக்கொள்.

ஜனவரியில் மாடுகளுக்கு வைக்கோல் போடப் போனபோது பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். மார்ச்சில் கட்டைப் பிரித்த டாக்டர், உன் வயதுகூட இருக்காத பெண், சம்மட்டி பிடிக்காதே, மாடு ஈனும்போது கன்றுக்குட்டியை இழுக்காதே என்று ஒரு பட்டியல் வாசித்தாள். பெரிய ரிவால்வர் ஒன்று இருக்கிறதே என்றேன். அதுதான் முதலில் கூடாது என்றாள்.

நான் கேட்கவில்லை. நான் எப்போது யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? ஏப்ரல் முதல் வாரம் அம்மா சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, அந்த நாற்பத்தைந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டு, சுட்டுப் பழகுகிற மண்மேட்டுக்குப் போனேன். என் பழைய கனமான தோட்டா ஒன்றைச் சுட்டேன். ஒன்றே ஒன்று. அதன் உதையில் கண்ணில் பொறி பறந்தது. துப்பாக்கி கையை விட்டுச் சரளைக்கல்லில் விழுந்தது. முப்பது வருடத்தில் அதை நான் கீழே போட்டதில்லை. கைப்பிடிக் கட்டையில் கீறல் விழுந்திருக்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, வெண்டலைக் கூப்பிட்டு, வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன். துப்பாக்கி கிளப்பில் என்னோடு இருபது வருடமாகப் போட்டியிடுகிற அந்த மனிதன் அன்றைக்கு ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

துப்பாக்கி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அம்மா குறுக்கே நின்றாள். கொட்டகையில் பெஞ்சுக்குக் கீழே இருக்கும் இழுவறையை உருட்டி, ஓர் அச்சைக் கொண்டுவந்து காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். எந்த அச்சு என்று உனக்குத் தெரியும். நீ உன் சொந்தக் காசில் வாங்கியது. சின்னக் குண்டு வார்க்கிற அச்சு. அதைப் பார்த்து அன்றைக்கு நான் சிரித்தேன், குருவி சுடப் போகிறாயா என்று கேட்டேன். குண்டு லேசானால் உதையும் லேசாகும், வெடிமருந்தும் குறைவாகப் போதும் என்று நீ பொறுமையாக விளக்கினாய். இருபது வயதில் நீ சொன்னது எனக்கு அறுபத்து மூன்றில் தேவைப்படுகிறது.

வார்க்க உட்கார்ந்தோம். உட்கார்ந்தது நான், வார்த்தது அம்மா. அச்சின் பிடியை இறுக்கக்கூட என் கையில் பலம் இல்லை. வண்டிச் சக்கரத்தில் எடைக்கு மாட்டுகிற பழைய ஈயத்தை உருக்கி ஊற்றினாள். முதலில் வந்ததெல்லாம் சுருங்கிப்போய் உலர்ந்த திராட்சை மாதிரி இருந்தது. அச்சு குளிர்ந்திருக்கிறது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அதை ஈயம் உருக்குகிற பானையின் விளிம்பில் சாய்த்துச் சூடுபடுத்தினாள். அப்புறம் வந்த குண்டுகள் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தன. அடுப்பில் ருபார்ப் பை பலகாரம் சுடுகிறவளுக்குச் சூடு தெரியாதா என்று வேறு கேட்டாள்.

மருந்து போடுகிற அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மருந்து அளக்கும்போது கொட்டகையில் யாரும் பேசக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது என்பது என் சட்டம். உனக்கு ஆறு வயதிருக்கும்போது தும்மியதற்குக்கூட வெளியே அனுப்பியிருக்கிறேன். மருந்தளவுப் புத்தகத்தில் உள்ளதில் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஐந்து தோட்டாவுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதாகத் திட்டம். அதற்கும் கீழே குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தோட்டாவின் பித்தளைக் கூட்டில் பள்ளம் பெரிது, இந்த மருந்து அதன் அடியில்தான் கிடக்கும். ஒரே கூட்டில் இரண்டு தடவை விழுந்தாலும் வெளியே தெரியாது. அப்படிச் சுட்டால் துப்பாக்கியும் போகும் கையும் போகும். இவ்வளவும் தெரிந்த நான்தான் பின்னால் நின்று தொணதொணத்துக்கொண்டிருந்தேன். முழங்கையை இறக்கு, தராசு முள்ளைப் பார், விளக்கைக் கிட்டே வை என்று. பதினேழாவது கூட்டில் அம்மா கையை எடுத்தாள். பதினேழு கூட்டையும் தலைகீழாகக் கவிழ்த்து மருந்தைக் கொட்டினாள். நீ பேசினாய், எண்ணிக்கை விட்டுப்போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், நீ வெளியே போ என்றாள். என் சட்டப்படி என்னையே வெளியேற்றிவிட்டாள். நாயோடு போய் வேலியோரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் அந்தத் தோட்டாக்கள் பெஞ்சில் இருந்தன. நான் தொடவில்லை. எனக்கு இன்னொரு சட்டம் இருக்கிறதே. அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை நான் சுடுவதில்லை. வெண்டல் கொடுத்தாலும் இல்லை, என் கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் இல்லை. கிளப்பில் எல்லோரும் அப்படித்தான். யார் கை எப்போது தவறும் என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் காலை அம்மா முட்டை பொரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷமா நான் சமைச்சதத்தான் சாப்பிடறே, ஓரின். என்னிக்காவது பிரிச்சுப் பாத்துட்டா சாப்பிட்டே?"

எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.

கம்பியில் ஒரு சின்னக் காகிதத் தட்டைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். இருபத்தைந்து கஜம். எப்போதும் போல ஆறு அறையில் ஐந்து தோட்டா, பத்திரத்துக்கு ஓர் அறை காலி. கைகுலுக்குவது மாதிரிதான் உதைத்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தும் சுட்டு முடித்துப் போய்ப் பார்த்தால் தட்டில் ஓர் ஓட்டைகூட இல்லை. இன்னும் ஐந்து சுட்டேன். நிதானமாக, மூச்சைப் பிடித்து. ஒன்றுகூட இல்லை. கண்ணும் கையும் சேர்ந்தே போய்விட்டன என்று நினைத்தேன். வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, முடிஞ்சு போச்சு மார்லிஸ் என்று அம்மாவிடம் சொன்னேன். அழுதேன் என்று அம்மா சொல்வாள். காற்று அடித்தது, கண்ணில் தூசி விழுந்தது, அவ்வளவுதான். சரி, அழுதேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு நீல நோட்டுப் புத்தகத்தை விரித்தாள். அச்சுக்கு அடியிலேயே கிடந்ததாம். உன் கையெழுத்து. தேதி, குண்டு, மருந்து எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாய். அவள் சத்தமாக வாசித்தாள்.

"ஐந்தும் ஒரே இடம். ஆனால் குறிக்கு அரைச் சாண் கீழே. கை தப்பில்லை. இந்தத் துப்பாக்கி கனமான குண்டுக்கென்று குறி அமைந்தது, லேசான குண்டு கீழேதான் போகும். குழல் நுனிக் குறிமுள்ளை அரத்தால் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். அப்பா விட மாட்டார்."

அப்படியானால் எனக்குத் தெரியாமல் என் நாற்பத்தைந்தை எடுத்துச் சுட்டிருக்கிறாய். திருட்டுப் பெண்ணே.

சிக்னி, இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கிளப்பில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கை போய்விட்டது என்ற பயம் வந்ததும் கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, புது ஃப்ரீசர் வந்த அட்டைப்பெட்டியை ஆள் உயரத்துக்கு வெட்டிக் கொண்டுபோய் நிறுத்தினோம். நடுவில் தட்டு. தட்டின் நடுவைக் குறிபார்த்து ஐந்து சுட்டேன். ஐந்தும் தட்டுக்குக் கீழே அட்டையில் இருந்தன. நீ எழுதிய அதே அரைச் சாண். அம்மா ஜாம் பாட்டில் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள், ஐந்து ஓட்டையும் மூடிக்குள் மறைந்துவிட்டன. வெண்டலுக்குப் போன் செய்து, துப்பாக்கி உனக்குக் கிடையாது, ஜூலைப் போட்டிக்கு வந்து தோற்றுப்போ என்றேன். அவன் உடனே பழையபடி வாயைத் திறந்துவிட்டான்.

"குருவி குண்ட வச்சுக்கிட்டு என்னடா பண்ணப்போறே? போட்டியில இரும்புத் தட்டு விழறதுக்கு முன்னால தூங்கிடும்டா."

கேட்கக் காதுக்கு இதமாக இருந்தது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. எட்டு வருடமாகச் சொல்லாதது.

என் பிறந்தநாளுக்கு நீயே வார்த்து நீயே நிரப்பி ஐம்பது தோட்டா கொடுத்தாய். பெட்டியின் மேல் சீட்டு ஒட்டி, குண்டு இன்னது, மருந்து இன்னது, நிரப்பியது சிக்னி என்று எழுதியிருந்தாய். நான் சட்டம் பேசினேன். உன் கண்ணெதிரே உட்கார்ந்து, தோட்டா பிரிக்கிற சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். ஆறாவதோ ஏழாவதோ பிரிக்கும்போது நீ எழுந்து போய்விட்டாய். அந்த இலையுதிர் காலத்திலேயே அலாஸ்காவுக்கும் போய்விட்டாய். நீ போன பிறகு மிச்சத்தையும் பிரித்தேன். ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் போட்டேன். ஐம்பது தடவையும் முள் ஒரே கோட்டில் நின்றது. ஐம்பதும் சரியாக இருந்தன, சிக்னி. என்னால்கூட அவ்வளவு சரியாகச் செய்ய முடியாது. உன்னைக் கூப்பிட்டு அதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. தப்பு என்னுடையது.

இந்த இடத்தில் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு இப்போதாவது எழுதினாயே என்றாள். போய்விட்டாள். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கிறது.

கேட்க வந்ததைக் கேட்கிறேன். குறிமுள்ளை நான் அராவவில்லை. ஒரு தடவை அராவினால் அது திரும்ப வளராது. அப்புறம் அந்தத் துப்பாக்கி என் பழைய கனமான குண்டுக்கு உதவாது, உன் குண்டுக்குத்தான் உதவும். எனக்குச் சம்மதம். ஆனால் என் கை இன்னும் நடுங்குகிறது. படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிற கை உன்னுடையது, அந்த அரத்தை நீதான் பிடிக்க வேண்டும். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை போட்டி. படகுகள் அந்த வாரம் உன்னை விடாது என்றால் எப்போது விடுமோ அப்போது வா. போட்டி எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வருடமும் வரும்.

அங்கே கடல் எப்படியோ தெரியவில்லை. ஈரக் காலுறையோடு வேலை செய்யாதே. நீ நன்றாக இரு, உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

அந்த ஐம்பது கூடுகளும் பத்திரமாக இருக்கின்றன. துடைத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கிற புது பிரைமர் அமுக்கி, மரப்பலகையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் பழைய சீட்டும் அந்தப் பெட்டியின் மேலேயேதான் ஒட்டியிருக்கிறது. வந்து நிரப்பிக் கொடு. நான் வேலியோரம் நாயோடு உட்கார்ந்திருப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ கொடுத்ததும் அப்படியே சுடுவேன்.

பிரிக்க மாட்டேன்.

உன் அப்பா,
ஓரின்