ஷாம்பூ ஊற்றிய பிரேக்

சாந்தியாகோ, கியூபா
9 அக்டோபர் 2003

என் ரெய்னியருக்கு,

நலமாக இருக்கிறேன், ஆனால் நம் பச்சைக் கார் என்னைக் கொல்லப் பார்த்தது. ஆஸ்பத்திரி இறக்கத்தில் பெடலை மிதித்தேன்; அது தரைவரை போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி நிறைய வாடகைக்கு ஏற்றிய ஆட்கள். கியரைக் குறைத்து, நடைபாதைக் கல்லில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். இறங்கும்போது ஒரு பெரியவர், "ஏம்மா, இந்த வண்டிக்கு பிரேக் இருக்கா, இல்ல ஜெபம் பண்ணித்தான் நிறுத்துறியா?" என்றார்.

நீ புறப்படும் முன் பிரேக் ஆயில் கிடைக்காமல் ஊற்றிய ஷாம்பூவின் வேலை இது. ஊரே ஊற்றுகிறது, உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. "கொஞ்ச நாள் தாங்கும், அதுக்குள்ள வந்துடுவேன்" என்றாய். இரண்டு வருஷம் ஷாம்பூ தாங்குமா?

அசல் ஆயில் அனுப்பு. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அந்த ஏர் எடுக்கும் வேலைக்கு, நீயே வா. வழக்கம்போல நான் உள்ளே மிதிக்கிறேன், நீ அடியில் படுத்துக் கத்து. டிசம்பரில் வருகிறாய்தானே? உன் நெட்டைக் காலுக்காகப் பின்னால் தள்ளிவைத்த சீட்டை நான் நகர்த்தவே இல்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டுகிறேன்.

உன் யனேலிஸ்

மாட்ரிட்
2 நவம்பர் 2003

அன்பு யனே,

படித்த அன்றே கடைக்கு ஓடினேன். இதைக் கொண்டுவருபவரிடம் ஆயிலும், அது கசியாமல் தடுக்கும் புது ரப்பர்களும் இருக்கின்றன. ஷாம்பூவின் மேலேயே ஆயிலை ஊற்றிவிடாதே. எல்லாவற்றையும் வடித்து, குழாய்களை ஸ்பிரிட்டால் அலசி, ரப்பரை மாற்று. பிறகு பெடலிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கு. சக்கரத்தின் பின்னால் காற்றை வெளியே விடும் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள குப்பியில் முக்கு. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திற. மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை விடாதே. மேலே டப்பாவில் ஆயில் வற்றக் கூடாது.

பெடலை மிதிக்க யாரையாவது உட்கார வை. இங்கே வேலை அதிகம். குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெய்னியர்

சாந்தியாகோ
30 நவம்பர் 2003

ரெய்னியர்,

ஆயில் வந்தது, நன்றி. நீ எழுதியபடியே செய்தோம். உன் தங்கை ஒடாலிஸ்தான் மிதித்தாள். நான் அடியிலிருந்து, "புடிச்சுக்கோ, காலை எடுக்காதே" என்று கத்தினால், "அண்ணி, நீங்க எங்க அண்ணனை விட மோசம்" என்கிறாள். ஒருமுறை மூடும் முன்பே காலை எடுத்துவிட்டாள். காற்று உள்ளே போய், அந்தச் சக்கரத்தை மறுபடி முதலிலிருந்து செய்தோம். கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிப்பிள், டியூப், குப்பி எல்லாம் இருக்கிறது. டிசம்பர் மட்டும் இல்லை. "யாரையாவது உட்கார வை" என்கிறாய். ஏர் எடுக்கும்போது என்னைத் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் நீ உட்காரவிட்டதில்லை. புரிந்துவிட்டது. அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

இன்று ஆஸ்பத்திரி இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் நின்றது. எட்டி எட்டி மிதித்து இடுப்பு வலித்ததால், அங்கேயே ஓரங்கட்டி சீட்டை முன்னால் இழுத்தேன். துருப்பிடித்து அடம்பிடித்தது, பிறகு நகர்ந்தது. தலையணைகளை வீட்டில் போட்டுவிட்டேன்.

எப்போதாவது நீ வந்தால், காலை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்.

யனேலிஸ்