தங்கையின் நாவலுக்கு முன்னுரை

அன்புத் தங்கச்சிக்கு,

முன்னுரைக்காக நீ அனுப்பிய நாவல் நான்கு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. கண்வலி என்று சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவள் நான். நீயோ பேங்க் வேலைக்கு நடுவில் எழுதி முடித்துவிட்டு, "சும்மா எழுதினேன், பிழை இருந்தா திருத்துக்கா" என்றாய். பிழை தேடித்தான் மூன்று முறை படித்தேன். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பைத் தேடும் இடத்தில் அழுதுவிட்டேன். அன்று அம்மா பக்கத்தில் நின்றவள் நான். நீ போனில் கேட்டதோடு சரி. ஆனாலும் உனக்குத்தான் எழுத வந்தது.

நேற்று பதிப்பாளர், "உங்க முன்னுரைக்காகத்தான் உங்க தங்கச்சி புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க" என்றார். கூசிப்போய்ப் பேனாவை எடுத்தேன். 'இதை நான் எழுதியிருக்க வேண்டும்' என்று ஆரம்பித்ததும் ஆறு பக்கம் கொட்டியது. இத்துடன் இருக்கிறது.

அடுத்த நாவலை இப்போதைக்கு என்னிடம் காட்டாதே. இன்று காலை நானும் ஒன்று தொடங்கியிருக்கிறேன்.

உன் அக்கா