மூன்று விரலும் ஒரு பட்டாணியும்

டீச்சர்,

இன்று காலை தில்லி லக்ஷ்மிபாய் நகரில் ஒரு வீட்டுக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாற்றப் போயிருந்தேன். சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். கண்ணைப் போர்டிலேயே வைத்துக்கொண்டு, வழக்கம்போல் தோள்பையின் சின்னப் பாக்கெட்டில் கையை விட்டு டெஸ்டரை எடுத்தேன். ஒயரில் வைக்கப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"ஏம்ப்பா, இப்பல்லாம் பென்சில்லயே கரண்ட் பாக்கறாங்களா?"

பார்த்தால் என் கையில் இருந்தது பாதிப் பென்சில். நீங்கள் கொடுத்தது. கரிமுனையில் கரண்ட் பாயும் என்று தெரியாத ஆள் இல்லை நான், இருபத்தேழு வருஷமாக இதே தொழில். இன்னும் அரை அங்குலம் போயிருந்தால் இந்த மடலை நேரிலேயே வந்து உங்களிடம் கொடுத்திருப்பேன்.

பென்சிலை மூக்கருகே கொண்டுபோனேன். அந்த மரவாசனை இன்னும் இருந்தது. நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது குளிர்காலம். அப்போது எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ஏன் தாமதம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டிய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் மேலே எழுத வராது.

என் மகள் தாரிணி உங்களிடம் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் என்னை வரச் சொல்லி அனுப்பினீர்கள். மோதி பாக் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன். என்னைவிட எட்டு வயதாவது இளையவராக இருப்பீர்கள். ஆனால் டீச்சர் என்று ஒருவர் எதிரே உட்கார்ந்தாலே என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். "வாங்க அண்ணாச்சி" என்றீர்கள். உங்கள் திருநெல்வேலியில் அது மரியாதை. எங்கள் விழுப்புரத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

தாரிணியின் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தீர்கள். அங்கங்கே தாள் கிழிந்திருந்தது. பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து கையில் தட்டுப்பட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

"நல்லா கெட்டியா எழுதுது டீச்சர், பொண்ணு."

"கெட்டியாத்தான் எழுதுதா, அண்ணாச்சி. அஞ்சு எழுத்து எழுதிட்டுக் கைய உதறுதா. பத்தாவது எழுத்துல வயித்து வலின்னு சொல்லுதா. வாசிக்கச் சொன்னா கடகடன்னு வாசிக்கா. எழுதச் சொன்னா மட்டும் கண்ணுல தண்ணி வந்துருது." குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். "இப்படியே விட்டா, எனக்குப் படிப்பு வராதுன்னு அவளே முடிவு பண்ணிருவா. அந்த முடிவ அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

அப்படி முடிவு செய்த ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் முக்கால் தாளோடு கை மரத்துப்போய் எழுந்து வந்தவன். விடை தெரிந்த கேள்விகளையே விட்டுவிட்டு வந்தவன். இரண்டாம் தடவையும் அதே கதை. மண்டையில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் ஒத்துக்கொண்டான், ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டான். அன்று உங்களிடம் இதைச் சொல்லவில்லை. "நான் பாத்துக்கிறேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்து பென்சிலில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். பிடி கனமாக இருந்தால் கை நழுவாது என்று என் கணக்கு. சுற்றச் சுற்ற எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. கடைசியில் அது கத்திரிக்காய் அளவுக்கு வந்து நின்றது. என் மனைவி சுகந்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இத வெச்சு எழுதறதா, சப்பாத்தி தேய்க்கறதா?"

அதோடு விட்டேனா? தாரிணி பக்கத்தில் உட்கார்ந்து "டைட்டா பிடி, டைட்டா பிடி" என்று ஓதிக்கொண்டே இருந்தேன். எங்கள் தொழிலில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான், லூஸ் கனெக்‌ஷன். பொறி பறப்பது, ஃபேன் நிற்பது, போர்டு கருகுவது, எல்லாம் ஸ்க்ரூவை முடுக்காததால் வருவது. பிள்ளையின் கையும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவள் முடுக்கினாள். பென்சில் முனை உடைந்தது. அழுதாள். நான் முனை சீவிக் கொடுத்து, இன்னும் டைட்டாக என்றேன்.

அடுத்த வாரம் அந்தக் கத்திரிக்காய்ப் பென்சிலைப் பெருமையோடு கொண்டுவந்து உங்களிடம் காட்டினேன். நீங்கள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வாங்கி மேஜைக்குள் வைத்தீர்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல, அண்ணாச்சி," என்றீர்கள். "முட்டியா மடக்கிப் பிடிக்கிற பிள்ளைங்கள நிறையப் பாத்திருக்கேன். இவ ஆள்காட்டி விரலக் கொண்டுபோயி பென்சிலோட வால்ல வைக்கா. மேல, உச்சியில. நூறு தடவ எடுத்து விட்டாலும் அங்கதான் போகுது. எதுக்குன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை. பெண் சுகந்தி பக்கத்து ஜாடை என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் குளிரில்தான் உங்கள் வகுப்பு டியூப்லைட் போனது. "நம்ம அண்ணாச்சி இருக்காவள்லா" என்று எனக்கே சொல்லி அனுப்பினீர்கள். பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்திருந்தீர்கள். நான் ஸ்டூலில் ஏறி டெஸ்டரை எடுத்து சப்ளை வருகிறதா என்று பார்த்தேன். கீழிருந்து உங்கள் குரல் வந்தது.

"அண்ணாச்சி, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

ஷாக் அடிக்கப் போகிறது என்று நினைத்துச் சிலையாகிவிட்டேன். நீங்கள் வெளியே ஓடிப்போய் தாரிணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, அவள் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தீர்கள். "எழுதுட்டி பாப்போம்." அவள் நான்கு விரலால் முட்டியாகப் பிடித்தாள். ஆள்காட்டி விரலைத் தூக்கி உச்சியில் வைத்தாள்.

மேலே ஸ்டூலில் நான். நான்கு விரல் டெஸ்டரைப் பிடித்திருக்க, ஆள்காட்டி விரல் அதன் தலையில் இருந்த இரும்புக் குமிழில்.

அங்கே விரல் வைத்தால்தானே டெஸ்டரில் விளக்கு எரியும். தாரிணி பிறந்ததிலிருந்து என் கையில் பார்த்தது அந்தப் பிடியைத்தான். பேனாவை என் கையில் அவள் எங்கே பார்த்தாள்?

"எதுக்குட்டி மேல விரல வைக்க?" என்று கேட்டீர்கள்.

"அப்பா மேல உங்லி வெச்சா லைட்டு எரியுது. என்னோடது எரியவே மாட்டேங்குது டீச்சர்," என்றாள் அவள். புகார் சொல்லும் குரலில்.

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. நாலு மாதமாக அந்தப் பிள்ளை பென்சில் எரியும் எரியும் என்று காத்திருந்திருக்கிறது. எரியாததால் தன்மேல் தப்பு என்று இன்னும் அழுத்தியிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டைட்டா என்று சொல்லியிருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியபின் வேலையைப் பார்க்கத் திரும்பினேன். ஹோல்டருக்குள் ஒரு பொடி ஸ்க்ரூ. சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகினேன். மறுபடி நீங்கள். "அசையாதீங்க." இந்தத் தடவை உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது. ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்று என் கையையே பார்த்தீர்கள்.

"இத யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?"

"எத டீச்சர்?"

"இந்தப் பிடிய."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொடி ஸ்க்ரூவை முட்டியால் திருக முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க, மற்ற இரண்டும் மடங்கி ஒதுங்கி இருந்தன. அதுதான் பென்சில் பிடி என்றீர்கள். "நல்ல பிடியும் உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி. பிள்ள வேற ஒண்ண எடுத்துக்கிட்டா, அவ்வளவுதான்."

என் கையை நான் அப்படிப் பார்த்தது அன்றுதான். இருபது வருஷம் கூடவே வந்த கை. கறுத்து, தோல் உரிந்து, நகத்தில் சுண்ணாம்போடு இருந்தது. அதற்குள் இப்படி ஒரு சாமர்த்தியம் இருந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்புறம் நீங்கள் ஒன்று செய்தீர்கள். மேஜையிலிருந்து புதுப் பென்சில் ஒன்றை எடுத்து, படக்கென்று இரண்டாக உடைத்தீர்கள். ஒரு பாதியைச் சீவி தாரிணியிடம் கொடுத்தீர்கள். என் நடுவிரல் நீளம்தான் இருந்தது. முட்டியாகப் பிடிக்க அதில் இடமில்லை. வாலில் விரல் வைக்க வாலே இல்லை. வேறு வழியில்லாமல் மூன்று விரலும் கிட்டே வந்தன. நீளமான பென்சிலோடு நாலு மாதம் நான் போட்ட சண்டையை நீங்கள் ஒரு உடைப்பில் முடித்தீர்கள்.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். "பொறுங்க, விரலுக்கு இன்னும் பலம் வரணும்" என்றீர்கள். குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பட்டாணி உரித்தோம். தில்லியில் பிறந்த என் மகளுக்குப் பட்டாணி என்றால் தெரியாது, மட்டர். கட்டைவிரலால் தோலைப் பிளந்து, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பது அவள் வேலை. துணிக்கு கிளிப் போடுவதும் அவள்தான். தாளை மேஜையில் வைக்காமல் சுவரில் ஒட்டி எழுதச் சொன்னீர்கள். சுவரில் எழுதினால் மணிக்கட்டு தானே சரியான வாட்டத்துக்கு வருமாம். வந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒற்றைப் பட்டாணி. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில், உள்ளங்கையில், ஒரு பச்சைப் பட்டாணியை வைத்து மூடச் சொன்னீர்கள். "மூணு விரலு வேல பாக்கட்டும். ரெண்டு விரலு மட்டரக் காவல் காக்கட்டும்." நசுங்கினால் அழுத்தம் அதிகம். விழுந்தால் கை ஒழுங்கில்லை. டைட்டும் இல்லாமல் லூசும் இல்லாமல் ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தாரிணியிடம் அதற்கு நீங்கள் சொன்ன பெயர் இந்தியில் இருந்தது, நோகாமல் நிதானமாக என்ற அர்த்தத்தில். "ஆராம் ஸே, புள்ள. ஆராம் ஸே." திருநெல்வேலி வாயில் அந்த இந்தி எவ்வளவு அழகாக இருக்கும்.

முதல் வாரம் எத்தனை பட்டாணி நசுங்கியது என்று சுகந்தியைக் கேட்க வேண்டும். விரலைத் திட்டாதீர்கள் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு நசுங்கியதைத் தின்றேன்.

ஹோலி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாரிணி தரையில் குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். முழுப் பக்கம் நிறைந்திருந்தது, அடுத்த பக்கத்தில் பாதி. பென்சில் தாளில் ஊர்ந்த மாதிரி இருந்தது, உழவில்லை.

"கை வலிக்குதா பாப்பா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கை?"

டீச்சர், கரண்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. அது ஓடுகிறது என்று வேறொன்று எரிவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அன்று அந்தச் சின்ன விரல்கள் வழியாக ஒன்று ஓடித் தாளில் இறங்குவதைப் பார்த்தேன். அவளுக்குக் கை இருப்பதே மறந்துபோயிருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இஸ்திரிப் பெட்டியை மறுநாள்தான் மாட்டினேன்.

அந்த வருஷக் கடைசியில் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட வந்தேன். பேனாவை நான் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "உங்களுக்குக் கை வலிக்காதா, அண்ணாச்சி?"

நாற்பதை நெருங்கியவனிடம் முதல்முறையாக ஒருவர் கேட்ட கேள்வி அது. பரீட்சைக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். "உங்களுக்கு விடை தெரியாம இல்ல. கை ஓஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். மேஜையைத் திறந்து, உடைத்த பென்சிலின் மறுபாதியை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். "வச்சுக்கோங்க. நேரம் கெடைக்கும்போது."

நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது. பைக்குள் போட்டேன், அங்கேயே கிடந்தது.

நீங்கள் போன செய்தி கேட்டு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்குச் சொல்ல இவ்வளவும் இருந்தது. எழுதினால் கை இழுத்துக்கொள்ளும், பின்னால் வரிசை நிற்கிறது என்று பயந்து, "நல்ல டீச்சர்" என்று இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் சொல்கிறேன் என்ற வெட்கம் இதுதான். மறுபடியும் விடை தெரிந்தே தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதிப் பென்சிலைச் சீவினேன். தாரிணி இப்போது எட்டாம் வகுப்பு. என்னைவிட உயரமாகப் போகிறாள். நான் பிடித்ததைப் பார்த்து, "அச்சா, அப்பா எழுதப் போறாரா?" என்று வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கூடையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து இரண்டு விரலால் மூடினாள். "ஆராம் ஸே," என்றாள். திருநெல்வேலி இழுவை அப்படியே இருந்தது.

பென்சில் எழுத எழுதக் குறைகிறது. உங்கள் ஞாபகமாக வைத்திருந்ததைத் தேய்க்கிறோமே என்று நடுவில் ஒரு தரம் கை நின்றது. புதுப் பென்சிலை உடைத்தவர் இதற்கா வருத்தப்படப் போகிறார் என்று மேலே எழுதினேன். மிச்சம் இருப்பது நாளைக் காலை பைக்குள் போகும், டெஸ்டரிலிருந்து தள்ளி வேறு பாக்கெட்டில்.

ல, ள எல்லாம் தாரிணி திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எட்டுப் பக்கம் ஆகிவிட்டது. சுகந்தி இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்து, "பட்டாணி என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அப்படி ஒன்று கையில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. திறந்து பார்த்தேன்.

இருக்கிறது, டீச்சர். கைச்சூட்டில் லேசாக வெதுவெதுப்பாக, முழுசாக.