வேஷம் கட்டும் அறையின் சுவர்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? புக்கிட் பெருந்துங் வீட்டில் தண்ணீர் வருகிறதா? நான் சுகம்தான்.

நம் பேத்தி ஷாமளா, அவள் தம்பி ரவீந்திரன், நான் சமைக்கும் கடையின் முதலாளி ஹாஜா, நான். ஞாயிற்றுக்கிழமை நம் பழைய ரப்பர் தோட்டத்து நாடகக் கொட்டகையைத் துப்புரவு செய்யப் போனது இவ்வளவு பேர்தான். அதை இடிக்காமல் பழுதுபார்த்து, மறுபடி நாடகம் போட ஷாமளா ஊரைத் திரட்டுகிறாள்.

வேஷம் கட்டும் அறையை எனக்குக் கொடுத்தார்கள். பெண்கள் அந்த வாசலைத் தாண்டக் கூடாதென்று வைத்திருந்தீர்களே, அன்றுதான் முதல் தடவை நுழைந்தேன். சுவரெல்லாம் சிவப்பாக அப்பிக் கிடந்தது. கறை போக்கும் குளோரக்ஸ் ஊற்றித் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டேன்.

ஷாமளா பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி, அது அழுக்கு இல்லலா. முதல் தடவ மேடை ஏறுறவங்க அரிதாரத்துல கைய தோச்சு வச்ச அச்சு. அத காட்டித்தான் தோட்ட நிர்வாகத்துக்கிட்ட இடிக்க வேணாம்னு கேக்க இருந்தோம்."

"தாத்தா கையும் இருந்துச்சா?" என்று ரவீந்திரன் கேட்டான்.

ஹாஜா, "நம்ம கடைச் சட்டிய ஒருநாளும் இப்படி தேச்சதில்லையேம்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் வந்து சேர்ந்தேன். இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் பழைய தலையணை உறையை அனுப்பி வையுங்கள். இங்கே தூக்கம் பிடிக்கவில்லை. உலை கொதிக்கிறது, முடிக்கிறேன்.

அந்த மேடையில் ராஜா வேஷம் கட்டியவர், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்தச் சுவரைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் இன்று அந்தப் பேரை எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் தங்கையா.